படம் விற்பதற்கு மட்டுமல்ல டோக்கன்: தோட்டப்புற ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குரங்குப் படத்தைக் கோடிக்கணக்கில் விலைபேசினார்கள் என்ற செய்தியோடுதான் பிளாக்செயின் டோக்கன் நம் காதுக்கு எட்டியது. படங்களின் விலை சரிந்ததும் பேச்சும் அடங்கிவிட்டது. இன்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது டோக்கன் என்று வாயெடுத்தால், யாரோ பணத்தைத் தொலைத்த கதை வரப்போகிறது என்றுதான் எல்லாரும் காத்திருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் அதையும் வைத்துக்கொண்டே, நம் ஊர் பள்ளி, கோயில், கூட்டுறவு, செம்பனைச் சிறுதோட்டக்காரர் ஆகியோருக்கு இதில் உண்மையில் பயன்படக்கூடியது எது, அதை எப்படிச் செய்து பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் டோக்கன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பல கணினிகள் ஒரே பதிவேட்டின் நகலை வைத்திருக்கின்றன; இதைத்தான் பிளாக்செயின், சுருக்கமாகச் சங்கிலி என்கிறோம். அந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான் டோக்கன். "இந்த எண்ணுள்ள சீட்டு இந்த டிஜிட்டல் முகவரிக்கு உரியது" என்று அந்த வரி சொல்லும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதும் அதில் பதிவாகிவிடும். எழுதியதைப் பிறகு யாரும் ஓசைப்படாமல் திருத்த முடியாது. 2015-இல் தொடங்கிய எத்தீரியம் வலையமைப்பில் இதற்கென்று பொது விதிமுறைகள் உருவாயின. ஒன்றுபோல் இருக்கும் டோக்கன்களுக்கு ஈஆர்சி-20, ஒவ்வொன்றும் தனித்தனியானது என்றால் ஈஆர்சி-721, இரண்டையும் கலந்து கையாள ஈஆர்சி-1155. படம் விற்றவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது 721-ஐ. அந்த விதிமுறையில் 'படம்' என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

எழுதப்பட்டது உண்மையா என்பதை மட்டும் பதிவேடு சொல்லாது. பொய்யை எழுதினால் பொய்யைப் பத்திரமாகக் காப்பாற்றும்.

முதல் படி: எந்தச் சீட்டு என்று தேர்ந்தெடுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவின் கிழக்குக் கரைப் புகையிலைத் தோட்டங்கள் கூலிக்குப் பதிலாகத் தங்கள் சொந்த உலோகக் காசுகளைக் கொடுத்தன. தோட்டத்துக் கடையில் அரிசி வாங்க அது செல்லும். எல்லை தாண்டிவிட்டால் வெறும் தகடு. எந்த டோக்கனைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கொடுத்தவரின் எல்லைக்கு வெளியே இதை யார் ஏற்பார்கள்?

எனவே உங்கள் சங்கம் வழங்கும் எல்லாச் சீட்டுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ரசீது, சான்றிதழ், உறுப்பினர் அட்டை, நிகழ்ச்சி டிக்கெட், எடைச்சீட்டு, எதையும் விட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: நம்மை அறியாத ஒருவர், தொலைவில் இருந்துகொண்டு, இதை நம்ப வேண்டிய நிலை வருமா? வராது என்றால் அடித்துவிடுங்கள். கோயில் உபயச் சீட்டை எடுத்துக்கொள்வோம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மண்டபத்தில் நிற்கிறார்கள். கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகமே போதும். உறுப்பினர் அட்டையும் அப்படித்தான். டிக்கெட்டில் கள்ளச் சந்தையைத் தடுக்கலாம் என்பார்கள். ஊர் மண்டபக் கலைநிகழ்ச்சிக்கு அந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா 2022-இல் வாழ்நாள் அனுமதி டோக்கன்களை எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனத்தின் தளம் வழியாக விற்றது. அதே ஆண்டு நவம்பரில் அந்த நிறுவனம் திவாலானபோது, வாங்கியவர்களின் டோக்கன்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. ஸ்டார்பக்ஸ் தன் வாடிக்கையாளர் டோக்கன் திட்டத்தை 2024 மார்ச்சில் மூடியது. பெரிய கடைகளுக்கே நிலைக்காத ஒன்றை நம் மளிகைக் கடைக்காரர் தலையில் கட்ட வேண்டாம்.

அடித்ததுபோக மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு: சான்றிதழ், செம்பனை எடைச்சீட்டு.

இரண்டாம் படி: சட்டத்தின் சல்லடை

செய்முறைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். 2019 ஜனவரி 15 முதல், முதலீட்டுத் தன்மை கொண்ட டிஜிட்டல் டோக்கன்கள் மலேசியச் சட்டப்படி பத்திரங்களாகவே கருதப்படுகின்றன. பங்குப் பத்திர ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அவற்றைப் பொதுமக்களிடம் விற்றால் பத்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வெள்ளி வரை அபராதம். ஆகவே விலை ஏறும், லாபப் பங்கு வரும், பிறகு விற்றுக்கொள்ளலாம் என்ற பேச்சு உங்கள் திட்டத்தில் எங்காவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யாராவது அப்படிச் சொல்லி உங்களிடமே வந்தால், ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதால் நல்லவர் என்று அர்த்தம் இல்லை. அனுமதி பெற்றவர்கள் யார் என்பதையும் அதே ஆணையம்தான் வெளியிடுகிறது.

சீட்டுப் பிடிப்பதை டோக்கனில் நடத்தலாம் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சீட்டு நடத்துவதே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. தொழில்நுட்பம் மாறினாலும் தடை மாறாது.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டப்புறத்தில் ஆசை காட்டுபவர்கள் தொடுவது அந்த நரம்பைத்தான். "ஓர் ஏக்கரை ஆயிரம் டோக்கனாகப் பிரித்து உங்களுக்குக் கொடுக்கிறோம்" என்பார்கள். தீபகற்ப மலேசியாவில் நில உரிமை என்பது 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் நில அலுவலகத்தில் பதிவாகியிருப்பது மட்டுமே. அங்கே உங்கள் பெயர் இல்லை என்றால், எந்தச் சங்கிலியில் இருந்தாலும் நிலம் உங்களுடையது அல்ல. ஜார்ஜியா நாடு 2017 வாக்கில் நிலப் பதிவுகளின் கைரேகைகளை, அதாவது ஒவ்வொரு கோப்பையும் அடையாளம் காட்டும் கணக்கு எழுத்துகளை, பிட்காயின் சங்கிலியில் பதித்தது உண்மைதான். ஆனால் அதைச் செய்தது அந்நாட்டு அரசுப் பதிவகமே, தனியார் அல்ல.

சிறு தொகை போட்டுப் பலர் சேர்ந்து நிலம் வாங்குவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களிடம் தவணை முறையில் பங்குத்தொகை திரட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அதைத் தாங்கி நின்றவை கூட்டுறவுச் சட்டம், தணிக்கை, ஆண்டுக் கூட்டம், நில அலுவலகப் பதிவு. டோக்கன் விற்க வருபவரிடம் இந்த நான்கையும் கேளுங்கள். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்திருந்தால் பேசலாம்.

செம்பனை எடைச்சீட்டு: ஆசைக்கு இடம் உண்டு, அவசரத்துக்கு இல்லை

ஐந்தாறு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று குலை வெட்டுகிறார். லாரி வந்து ஏற்றிக்கொண்டு பழ வியாபாரியின் தளத்துக்குப் போகிறது. அங்கே எடைபோட்டுச் சீட்டு தருகிறார்கள். பிறகு அவருடைய குலைகளும் இன்னும் பலருடைய குலைகளும் ஒரே குவியலாகி ஆலைக்குப் போகின்றன. யாருடைய பழம் எங்கே விளைந்தது என்ற தகவல் தொலைவது அந்தக் குவியலில்தான்.

முன்பெல்லாம் சிறுதோட்டக்காரர் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை அந்தக் கவலையை உண்டாக்கியிருக்கிறது. செம்பனை எண்ணெயும் ரப்பரும் அதற்குள் வருகின்றன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது அல்ல என்று காட்ட, விளைந்த நிலத்தின் புவி இருப்பிடத்தைத் தர வேண்டும். நிலம் நான்கு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் பத்து ஏக்கருக்கு, மேல் இருந்தால் எல்லைக்கோடு முழுவதையும் தர வேண்டும். அதற்குக் குறைவு என்றால் ஒரு புள்ளி போதும். அமலாகும் நாள் இருமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் ஆலைகள் தகவல் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே சிறுதோட்டக்காரர் தயாராக இருப்பது நல்லது.

டோக்கன் இங்கே எப்படி உதவும்? ஒவ்வொரு சுமைக்கும் ஈஆர்சி-1155 முறையில் ஒரு தொகுதி டோக்கன். கிலோவுக்கு ஒன்று என்று எண்ணிக்கை. பழம் கைமாறும்போது டோக்கனும் கைமாறும். வியாபாரி வாங்கியதைவிட அதிகமான கிலோவுக்கு ஆலையிடம் டோக்கன் கொடுக்க முடியாது. யாருடைய நிலமோ தெரியாத பழத்தை நடுவில் கலந்தால், எடைமேடை காட்டும் அளவும் டோக்கன் கணக்கும் பொருந்தாமல் போகும். கணக்குப் புத்தகத்தில் செய்யக்கூடியதுதான் இதுவும். ஒரே புத்தகத்தைத் தோட்டக்காரர், வியாபாரி, ஆலை, வெளிநாட்டு வாங்குநர் ஆகிய நால்வரும் நம்ப வேண்டியிருப்பதுதான் வேறுபாடு.

அமெரிக்க வால்மார்ட், நறுக்கிய மாம்பழம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தேட முதலில் கிட்டத்தட்ட ஏழு நாள் எடுத்துக்கொண்டது. ஐபிஎம்மோடு சேர்ந்து செய்த சோதனையில் அது 2.2 விநாடியானது. அந்த வேகம் பிளாக்செயினால் மட்டும் வந்ததல்ல. ஒவ்வொரு கையிலும் தகவல் முன்கூட்டியே பதிவானதால் வந்தது. மற்றொரு பக்கமும் உண்டு. மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018-இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்ற சரக்குத் தளம், துறையில் மற்றவர்கள் முழுமையாகச் சேராததால் மூடப்படுகிறது என்று 2022 நவம்பரில் அறிவித்தார்கள். மெர்ஸ்க்கின் கதியே அது என்றால், ஒரு தோட்டக்காரர் தனியாக டோக்கன் வெளியிட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆலையோ வியாபாரியோ முன்வராதவரை இதைத் தொடங்காதீர்கள்.

ஆனால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிலத்தின் நடுவில் நின்று கைத்தொலைபேசியில் இருப்பிடப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள்; பத்து ஏக்கருக்கு மேல் என்றால் எல்லை ஓரமாக நடந்து மூலைகளைக் குறியுங்கள். நில உரிமைப் பத்திரம், மலேசிய செம்பனை வாரிய உரிமம், எடைச்சீட்டுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளைக்கு எந்த முறை வந்தாலும் கேட்கப்போவது இவற்றைத்தான்.

சான்றிதழ்: இங்கேதான் தொடங்க வேண்டும்

போலிப் பட்டங்களைத் தடுக்க மலேசியக் கல்வி அமைச்சு 2018-இல் இ-ஸ்க்ரோல் என்ற திட்டத்தை அறிவித்தது. நெம் என்ற பிளாக்செயினைப் பயன்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பட்டதாரிகள் சிலருக்கு டிஜிட்டல் பட்டம் கொடுத்தது. நம் ஊர்ச் சங்கம் நடத்தும் கணினி வகுப்புக்கும் தையல் பயிற்சிக்கும் இது பொருந்துமா? பொருந்தும். பினாங்கில் வேலைக்குப் போகும் பெண்ணின் சான்றிதழைப் பார்க்கும் மேலாளர் நம் சங்கத்தை அறியமாட்டார்; செயலாளரின் தொலைபேசி எண்ணும் அதற்குள் மாறியிருக்கும். முதல் படியில் கேட்ட கேள்விக்கு இங்கே "வரும்" என்பதே பதில்.

மூன்றாம் படி: டோக்கன் தேவையா, நேரமுத்திரை போதுமா?

சான்றிதழ்க் கோப்பு இன்ன நாளில் இருந்தது, பிறகு மாறவில்லை என்று காட்டினால் போதும் என்றால், டோக்கனே வேண்டாம். ஓப்பன் டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசச் சேவை கோப்பின் கைரேகையைப் பிட்காயின் சங்கிலியில் பதித்துவிடும். கைரேகை என்பது ஷா-256 என்ற கணக்கு தரும் 64 எழுத்துகள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறும்.

தவறாகக் கொடுத்ததைத் திரும்பப் பெற வேண்டும், யார் வேண்டுமானாலும் எண்ணைத் தட்டி நிலையைப் பார்க்க வேண்டும் என்றால் டோக்கன் வழிக்கு வாருங்கள்.

நான்காம் படி: எதை எழுதுவது, எதை எழுதக் கூடாது

பெரும்பாலானோர் அவசரத்தில் தாண்டிப்போகும் படி இது. பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எதையும் சங்கிலியில் எழுதக் கூடாது. எழுதினால் அழிக்க வழியில்லை.

"அப்படியே எழுத வேண்டாம், கைரேகையை மட்டும் எழுதலாமே" என்று தோன்றும். அதுவும் போதாது. மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டையின் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி நான்கு வரிசை எண். ஒருவருடைய பிறந்த நாளும் மாநிலக் குறியீடும் தெரிந்தால் மிஞ்சுவது பத்தாயிரம் வாய்ப்புகள் மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் கைரேகை எடுத்து ஒப்பிட ஒரு சாதாரண மடிக்கணினிக்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். ஆகவே ஒவ்வொரு சான்றிதழுக்கும் கணினி உருவாக்கிய நீண்ட, தற்செயலான எழுத்துச் சரம் ஒன்றைச் சேர்த்துத்தான் கைரேகை எடுக்க வேண்டும். இதை உப்பு என்பார்கள். உப்பு இல்லாமல் எடுத்த கைரேகை திறந்த கடிதம்.

இன்னொரு நடைமுறைத் தொல்லை எழுத்துக்கூட்டல். ஒருவர் பெயரில் 'இன்னாரின் மகன்' என்பதற்கு மலாய் 'ஏ/எல்' இருக்கும், பழைய சான்றிதழில் ஆங்கில 'எஸ்/ஓ' இருக்கும், நடுவில் ஓர் இடைவெளி கூடக் குறைய இருக்கும். கைரேகைக்கு இவை எல்லாம் வெவ்வேறு மனிதர்கள். எனவே முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள்: பெயர் மைகார்டில் உள்ளபடி, எல்லாம் பெரிய எழுத்தில், பிறகு வகுப்பு, தேதி, உப்பு, இடையில் செங்குத்துக் கோடு. சான்றிதழின் ஸ்கேன் படத்துக்குக் கைரேகை எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதும் அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும். உண்மையான சான்றிதழே போலி என்று காட்டும்.

ஐந்தாம் படி: சாவி யாரிடம்?

டோக்கன் வெளியிடும் அதிகாரம் ஒரு டிஜிட்டல் சாவியில் இருக்கிறது. அந்தச் சாவியை மீட்க 12 ஆங்கிலச் சொற்கள் தருவார்கள். அவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் சங்கம். தலைவரின் கைத்தொலைபேசியில் மட்டும் வைத்தால் அடுத்த தேர்தலில் சண்டை நிச்சயம். சாவியை வைத்திருக்கும் மென்பொருளைப் பணப்பை என்பார்கள்; சேஃப் போன்ற பலர்கூட்டுப் பணப்பையை அமைத்து, ஐந்து பொறுப்பாளர்களில் மூவர் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்று வையுங்கள். காசோலையில் இருவர் கையெழுத்து கேட்கும் அதே முறைதான். சொற்களைத் தாளில் எழுதி, உறையில் இட்டு, தனித்தனி இடத்தில் வையுங்கள். படம் எடுக்காதீர்கள், எந்த 'உதவி மைய அதிகாரி' கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்பவர் திருடர்.

ஆறாம் படி: சோதனை வலையில் செய்து பாருங்கள்

பணம் செலவில்லாமல் முழு ஒத்திகையும் பார்க்கலாம். உலாவியில் மெட்டாமாஸ்க் பணப்பையை நிறுவி, செபோலியா என்ற சோதனை வலையைத் தேர்ந்தெடுங்கள். சோதனை நாணயத்தை இலவசமாக வழங்கும் தளங்கள் உள்ளன. பிறகு ஓப்பன்செப்பலின் என்ற நிரல் நூலகத்தின் ஒப்பந்த உதவிப் பக்கத்தில் (ஒப்பந்தம் என்பது சங்கிலியில் ஓடும் நிரல்) ஈஆர்சி-721-ஐத் தேர்வு செய்து, அச்சிடும், அதாவது புதிய டோக்கனை உருவாக்கும், உரிமை ஒப்பந்த உரிமையாளரான சங்கத்துக்கு மட்டும் என்று குறித்தால் நிரல் தயாராகக் கிடைக்கும். அதை உலாவியிலேயே நிரலைத் திருத்தி இயக்க உதவும் ரீமிக்ஸ் தளத்தில் திறக்கலாம்.

அதில் நீங்கள் மாற்ற வேண்டியது முக்கியமாக ஒன்று. சான்றிதழைக் கைமாற்றவோ விற்கவோ முடியக் கூடாது. ஓப்பன்செப்பலின் ஐந்தாம் பதிப்பில் எல்லா மாற்றல்களும் 'அப்டேட்' என்ற ஒரே செயற்கூறு வழியாகப் போகின்றன. அங்கே ஒரு நிபந்தனை வையுங்கள்: டோக்கனைத் தருபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் இரண்டுமே சுழியம் (யாருக்கும் உரியதல்லாத வெற்று முகவரி) அல்ல என்றால் மறுத்துவிடு. புதிதாக அச்சிடுவது சுழிய முகவரியிலிருந்து வருகிறது, அழிப்பது சுழிய முகவரிக்குப் போகிறது. அவை இரண்டும் நடக்கும், கைமாற்றல் மட்டும் நடக்காது. கூடவே, சங்கம் மட்டும் அழைக்கக்கூடிய அழித்தல் செயற்கூறையும் டோக்கன் எண்ணோடு கைரேகையைச் சேமிக்கும் இடத்தையும் சேருங்கள். ஊரில் நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தால் ஓரிரு மாலை வேலை.

மாணவர்களுக்குப் பணப்பை இல்லையே என்றால், எல்லா டோக்கனையும் சங்க முகவரியிலேயே வைத்துக்கொள்ளலாம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும். நமக்கு வேண்டியது சரிபார்க்க முடிகிற சான்றிதழ்.

ஒத்திகையில் வேண்டுமென்றே மூன்று காரியங்களைச் செய்யுங்கள்: ஒரு டோக்கனை வேறு முகவரிக்கு அனுப்ப முயலுங்கள், மறுக்க வேண்டும்; சங்கப் பொறுப்பாளர் அல்லாதவர் அச்சிட முயலட்டும், மறுக்க வேண்டும்; ஒன்றை அழித்துவிட்டுச் சரிபாருங்கள், செல்லாது என்று வர வேண்டும். மூன்றும் சரியாக நடந்த பிறகுதான் உண்மை வலை. பாலிகன் போன்ற வலைகளில் ஒரு பதிவுக்கான கட்டணம் வழக்கமாகச் சில காசுகளுக்குள் முடிந்துவிடும்.

ஏழாம் படி: பார்ப்பவருக்கு எளிதாக்குங்கள்

அச்சிட்ட சான்றிதழின் மூலையில் கியூஆர் குறி. அதற்குள் பெயர், வகுப்பு, தேதி, உப்பு, டோக்கன் எண். ஸ்கேன் செய்தால் சங்கத்தின் பக்கம் திறந்து, கைரேகையை அங்கேயே கணக்கிட்டு, சங்கிலியில் உள்ளதோடு ஒப்பிட்டு, செல்லும் அல்லது செல்லாது என்று சொல்ல வேண்டும். மேலாளர் பணப்பை நிறுவ வேண்டும் என்று எதிர்பார்த்தால் யாரும் சரிபார்க்கமாட்டார்கள். சங்கத்தின் பக்கமே நின்றுபோனாலும் சரிபார்க்க முடியும்படி, ஒப்பந்த முகவரியையும் கைரேகை எடுக்கும் வடிவத்தையும் சான்றிதழின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். ஒப்பந்த முகவரி நம் சங்கத்தினுடையதுதான் என்பதற்கு ஆண்டறிக்கையில் ஒரு வரி வரட்டும். இல்லையென்றால் போலிச் சங்கமும் போலி ஒப்பந்தம் வைத்துக்கொள்ளும்.

எட்டாம் படி: கைமாற்றம்

ஆண்டுக் கூட்டத்தில் பொறுப்பாளர்கள் மாறும் அன்றே பலர்கூட்டுப் பணப்பையிலும் பெயர்களை மாற்ற வேண்டும். அதைக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் வரவுசெலவு அறிக்கைக்கு அடுத்த அங்கமாகவே சேர்த்துவிடுங்கள். பழைய மூவர் கையெழுத்திட்டுப் புதியவரைச் சேர்த்த பிறகே கூட்டம் கலையட்டும். வீட்டுக்குப் போனவரைத் திரும்பப் பிடிப்பது கடினம். உப்புப் பட்டியலின் நகல்கள் இரண்டு, பூட்டிய பெட்டியில் ஒன்றும் செயலாளரிடம் ஒன்றுமாக இருக்கட்டும். சான்றிதழைத் தொலைத்துவிட்டு வருபவருக்கு மறுபடி அச்சிட்டுக் கொடுக்க அந்தப் பட்டியல் மட்டுமே வழி.